பதினொரு மில்லிமீட்டர்

ஹார்மன் சுவர் பூசுகிறவன்.
மட்டப்பலகை வைக்காமலே
"இந்த மூலை நாலு மில்லி உள்ளே போயிருக்கு" என்பான்.
வைத்துப் பார்த்தால் நாலுதான் இருக்கும்.
அவன்தான் முதலில் வாய் திறந்தது.
குளியல் தொட்டியில் ஃபென்னாவின் ஈரத்தலை
பின்னால், வலப்பக்கம்,
உள்ளங்கையால் அமுக்கிவிட்ட மாவுருண்டைபோல்
தட்டையாய் இருந்தது.
இரண்டு நாள் மனசுக்குள் வைத்திருந்து சொன்னான்.
நான் ஒரு வாரமாய் வைத்திருந்தேன்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்றார்கள்,
வைத்தோம்.
சன்னல் வலப்பக்கம்.
வெளிச்சத்தைப் பார்த்தபடியே தூங்கிப்போவாள்.
தொட்டிலைத் திருப்பிப் போட
ஐந்து மாதத்தில் ஒருநாள்கூட எனக்குத் தோன்றவில்லை.
பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம்
இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்.

க்ரோனிங்கன் ஆஸ்பத்திரியில்
தலையைச் சுற்றி ஒரு பட்டை,
குறுக்கே ஓர் அளவு, மறுகுறுக்கே ஓர் அளவு.
வித்தியாசம் பதினொரு மில்லிமீட்டர்.
"பத்துன்னு நினைச்சேன்" என்றான் ஹார்மன்,
தோற்றுப்போனவன் மாதிரி.

ரெனாட்டா நல்லவள், சுற்றி வளைக்கவில்லை.
கவசம் போட்டால் நாளுக்கு இருபத்து மூன்று மணி நேரம்,
நாலைந்து மாதம்.
போடாவிட்டால் தானாகவும் கொஞ்சம் சரியாகலாம்.
எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
போட்டாலும் எவ்வளவு என்று கேட்காதீர்கள்.
"உங்க குழந்தையா இருந்தா?"
"என்கிட்ட இருக்கிறது ரெண்டு பூனை" என்றாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் தட்டை நிலம்.
கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது.
மழையில் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி
மறுகையில் உருளைக்கிழங்கு வறுவல் தின்கிற ஊர்.
ஒருத்தர் தலையிலும் கவசம் இல்லை.
எங்கள் வீட்டில்
இன்னும் உட்காரத் தெரியாதவளுக்கு வாங்குவதா என்று
மூன்று ராத்திரி பேசினோம்.
பணத்துக்காகத் தயங்குகிறாயா என்று கேட்டேன்.
கேட்கக்கூடாததைக் கேட்டது
கேட்ட பிறகுதான் தெரிந்தது.
மிஞ்சுகிற அந்த ஒரு மணி நேரத்தில்
கழுவ வேண்டும், துடைக்க வேண்டும்,
உச்சந்தலையை முகர எத்தனை நிமிஷம் கிடைக்கும்
என்று அவன் கேட்கவில்லை.
நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை
அடுப்படி நாற்காலியில் உட்காரவைத்து
அவனுக்கு முடி வெட்டினேன்.
மெஷினில் சீப்பு மாட்ட மறந்துபோச்சு.
ஒரே இழுப்பு; வெள்ளைத் தோல்;
அதில், இடப்பக்கம்,
ஒரு தட்டை.
பன்னிரண்டு வருஷம் பக்கத்துத் தலையணையில் கிடந்த தலை.
அவனே தொட்டுப் பார்த்தான்.
விரலை மெதுவாக நகர்த்தி,
"ஆறு" என்றான்.

சிரித்து ஓய்ந்ததும் கேட்டேன்:
"அப்போ வேண்டாமா?"
"எனக்கு ஆறு. அவளுக்குப் பதினொண்ணு.
நாளைக்கு அவ மொட்டையடிக்க ஆசைப்பட்டா?"
தரையெல்லாம் முடி.
கூட்டக்கூட எழுந்திருக்கவில்லை நாங்கள்.

புதன்கிழமை பத்தரைக்கு நான்தான் போன் செய்தேன்.
வேண்டாம் என்றேன்.
காரணம் கேட்டார்கள், படிவத்தில் நிரப்ப வேண்டுமாம்.
அன்று விடியலில்
அவள் தானாக இடப்பக்கம் திரும்பி
சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
வெறும் சுவர், ஹார்மன் பூசியது.
இதெல்லாம் ஒரு காரணமா?
"அவ அப்பாவுக்கு ஆறு" என்றேன்.
மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்று
மறுபடி தொடங்கியது.

சனிக்கிழமை மீன் சந்தை வரிசையில்
எங்களுக்கு முன்னால் ஒருத்தி,
தோளில் குழந்தை,
நீலக் கவசம்,
அதன்மேல் யாரோ பொறுமையாய் வரைந்த திமிங்கிலம்.
அவள் கண் ஃபென்னாவின் பின்தலைக்குப் போய்
ஒரு கணம் நின்றது,
அளக்கத் தெரிந்த கண்.
நான் திமிங்கிலத்தைப் பார்த்தேன்.
எனக்குக் கிடைத்த பதிலை அவளும்
அவளுக்குக் கிடைத்த பதிலை நானும்
கொஞ்சம் பொறாமையோடு பார்த்திருக்க வேண்டும்.
"அழகா வரைஞ்சிருக்கீங்க" என்றேன்.
"வேர்க்குது இவனுக்கு" என்றாள்.

ஃபென்னா எட்டி
திமிங்கிலத்தின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.
டொக்.
அந்தப் பிள்ளை திரும்பிப் பார்த்தது.
இன்னொரு தட்டு.